பாலத்துக்கு இந்தப் பக்கம்

மூன்றாவது அடியில் கரடி விழுந்தது. சின்னதாக ஒரு வெற்றி மேளம் கேட்டது. குப்பன் வாளைச் சுழற்றி முதுகில் செருகிக்கொண்டான். அடுத்து வரவேண்டிய மணியோசை மட்டும் வரவில்லை. இன்னொரு கரடியைத் தேடிப் பிடித்து அடித்தான். அப்போதும் இல்லை. திரையின் மூலையில், லெவல் என்ற சொல்லுக்கு எதிரே தொண்ணூற்றொன்பது அப்படியே நின்றது. அதற்கு மேல் ஏற இடமில்லை.

செழியன் கையிலிருந்த கேம் டப்பாவை மடித்துச் சட்டைப்பையில் போட்டான். தி. நகரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி. கழுவிவிட்ட ஏ.சி. பெட்டியிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது வடியும்வரை சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பது அவனுக்கு வராது. கைப்பிடிச் சுவர்வரை போனான். திரும்பி வந்தான். பெட்டிக்குள் இருந்த விசிறியை விரலால் சுண்டிவிட்டான். மறுபடியும் சுவர்வரை போனான். போன் அடித்தது.

"இன்னாய்யா, எங்க கீற?" தேவானை. அவன் மனைவி.

"வேலைல கீறேன்."

"வேல எங்கயும் ஓடிடாது. கீய் வூடுதான் ஓடிக்கினு கீது. முன் வரிசைல எல்லாம் விரல வச்சிட்டு சாவி வாங்கிக்கினு வந்துட்டானுங்க. நீ வந்து ஒரு விரல் வச்சா போதும். விரல் கூடவா கனக்குது உனக்கு?"

"வரேன்."

"காலைலேர்ந்து வரேன் வரேன்ற. கால் எந்தப் பக்கம் போவுதுன்னு எனக்குத் தெரியாதா?"

வைத்துவிட்டாள்.

ராஜா அண்ணாமலைபுரம் ஆற்றில் போய் முடிகிற இடத்தில் அவர்கள் குடியிருப்பு. ஆற்றை அகலப்படுத்த வேண்டுமென்று பாதி வரிசைகளை முன்பே எடுத்தாயிற்று. மிச்சமிருப்பவர்களுக்குச் சதுப்பு நிலத்தைத் தாண்டி அடுக்கு வீடு. அதிகாரிகள் திடலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்று சாயங்காலத்தோடு எழுந்துவிடுவார்கள். முதலில் வருகிறவர்களுக்குக் கீழ் வீடு, அதாவது தரைத்தளம். அது தீர்ந்ததும் ஒவ்வொரு மாடியாக மேலே. வீடு செழியன் பெயரில் இருந்ததால் மெஷினில் அவன் விரல்தான் பதிய வேண்டும். தேவானை இட்லி சுட்டு விற்கிறவள். தரைத்தளம் என்றால் வாசலிலேயே அடுப்பைப் போட்டுவிடலாம். மேலே கிடைத்தால் இட்லி தின்ன யார் படியேறி வருவார்கள்?

விரல் வைக்காதவர்களும் இருந்தார்கள். கோர்ட்டில் மனு இருக்கிறது, எவன் தூக்குகிறான் பார்ப்போம் என்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். செழியன் பந்தலிலும் போய் உட்கார்ந்தான், டீக்கடையிலும் போய் உட்கார்ந்தான். இரண்டு இடத்திலிருந்தும் எழுந்து வந்துவிட்டான்.

எழுந்து வருவதில் அவன் கெட்டிக்காரன். நெடுஞ்செழியன் என்று கட்சிக்காரரான அப்பா வைத்த பெயரில் நீளம் மட்டும்தான் நிலைத்தது, அதையும் ஊர் பாதியாக்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பத்தாவதுவரைகூட இருப்புக் கொள்ளவில்லை. கோடம்பாக்கத்தில் படப்பிடிப்புக்கு விளக்குத் தூக்கப் போனான். ஒரு காட்சிக்கு அரைநாள் அசையாமல் விளக்கைப் பிடித்திருக்கச் சொன்னார்கள். ஓடி வந்துவிட்டான். கூரியர் வண்டி ஓட்டினான். ஒரு ஜவுளிக்கடையில் வாசற்கதவு திறந்துவிடும் வேலையில் ஒரு தீபாவளியைத் தாண்டவில்லை. ஏ.சி. கழுவுகிற வேலை மட்டும் ஒட்டிக்கொண்டது. வீடு வீடாகப் போகலாம், ஒரு வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டியதில்லை. சாப்பாடு நின்றபடிதான். சினிமாவுக்குப் போனால் இடைவேளையோடு சரி. கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்திருந்தபோது நடுவில் எழுந்துபோய் ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வந்தவன். தேவானை இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அவனை உட்காரவைத்தது அந்த டப்பாதான். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் செல்போன் பழுது பார்க்கிற நதீம், கூடப் படித்தவன், ஒரு நாள் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது தூக்கிக் கொடுத்தான். புத்தகம்போல மடிக்கிற பழைய கேம் டப்பா. உள்ளே ஒரே ஒரு விளையாட்டு. ஜப்பான்காரன் செய்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷில்.

"சுட்றது, ஓட்றதுல்லாம் இதுல கெடையாது மச்சி," என்று நதீம் அப்போதே சொன்னான். "கத மாதிரி. நீ இன்னா சொல்றியோ அதான் அவன் செய்வான். நீ சொல்ற வரைக்கும் எவனும் உன்ன அடிக்க மாட்டான்."

செழியன் நம்பவில்லை. முதல் கரடி கையை ஓங்கிக்கொண்டு எதிரே வந்து நின்றது. கீழே ஒரு கட்டத்தில் அடி, மருந்து, தடு, ஓடு என்று நாலு வார்த்தைகள். அவன் எதையும் தொடாமல் டப்பாவை அலமாரிமேல் வைத்துவிட்டுப் போய்க் குளித்தான். தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தான். கரடி ஓங்கிய கையோடு நின்றுகொண்டிருந்தது. மூச்சு மட்டும் வாங்கியது.

அவன் பதிலுக்காக உலகத்தில் அதுவரை யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. பஸ் காத்திருந்ததில்லை. ஏ.சி. வீட்டுக்காரர்கள் காத்திருந்ததில்லை. அன்று தரையில் உட்கார்ந்தவன் தேவானை விளக்கேற்றும்வரை எழவில்லை.

நாயகனுக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது. இங்கிலீஷில் ஆறு எழுத்துக்கு மேல் கொள்ளாது. நெடுஞ்செழியன் எங்கே நுழைவது? செத்துப்போன அப்பாவின் பெயர், குப்பன், சரியாக ஆறு. நாயகன் கூடவே வந்து மருந்து போடுகிற பெண்ணுக்குத் தேவானையின் பெயர், வால் வெட்டி.

கதை ஒரு சின்ன ஊரில் தொடங்கும். பத்து வீடு இருக்கலாம். ஒரு கிணறு. கிணற்றடியில் ஒருவன், எப்போது கேட்டாலும் நாளைக்கு மழை வரும் என்பான். ரொட்டி விற்கிற பெண் ஒருத்தி. பேச்சுக் கொடுத்தால் 'சூடாக இருக்கிறது, எடுத்துக்கோ' என்பாள். அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. காலைச் சுற்றிச் சுற்றி வரும் ஒரு குட்டை நாய். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு புல்லாங்குழல் தொடங்கும். ஊரைவிட்டுக் காட்டுக்குள் கால் வைத்ததும் நின்றுவிடும். அந்த மெட்டைச் செழியன் தனக்கே தெரியாமல் ஏ.சி. கழுவும்போதெல்லாம் முனகினான். அடையாற்றில் ஒரு வீட்டம்மா, இது என்ன ராகம் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தானே ஒரு ராகத்தைச் சொன்னாள்.

கதை மேலே நகர வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே இருக்கிற பாலத்தைத் தாண்ட வேண்டும். தாண்டினால் என்ன ஆகும் என்பதை நதீம் ஆர்வக்கோளாறில் முதல் வாரமே உளறிவிட்டான். கறுப்புக் குதிரைக்காரன் வருவான். ஊர் எரியும்.

செழியன் தாண்டவில்லை. இரண்டு வருஷமாகத் தாண்டவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற காட்டிலேயே சுற்றிக் கரடி அடித்தான். ஒவ்வொரு கரடிக்கும் குப்பனுக்குக் கொஞ்சம் பலம் ஏறும். பொறுமையாக ஏற்றிக்கொண்டே போனால் ஒரு நாள் குதிரைக்காரனையே வெட்டிச் சாய்த்துவிடலாம், ஊர் எரியாது. பஸ்ஸில் அடித்தான், மாடியில் அடித்தான், பல் வலிக்கு டாக்டரிடம் உட்கார்ந்திருந்தபோது அடித்தான். வேறெதிலும் இல்லாத பொறுமை இதில் மட்டும் எங்கிருந்து வந்தது என்று தேவானைக்குப் புரியவில்லை. காலையில் மட்டும் ஊருக்குள் போய் எல்லாரிடமும் ஒரு முறை பேசிவிட்டு வருவான்.

பந்தல் போட்ட நாளிலிருந்து அவன் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அம்மன் கோயிலில் பூக்கேட்பார்களே, இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்து வெள்ளையா சிவப்பா என்று பார்ப்பார்களே, அதுபோல. குப்பன் ஜெயித்தால் விரல் வைப்பதில்லை. தோற்றால் போய் வைத்துவிடுவது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தேவானை இட்லித் தட்டாலேயே அடிப்பாள்.

வடிந்த பெட்டியை மாட்டி, மூடியைத் திருகி, வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு கீழே இறங்கினான். வண்டி திடலுக்குப் போயிருக்க வேண்டும். மயிலாப்பூருக்குத் திரும்பியது.

நதீம் யாருடைய போனையோ பிளந்துவைத்து ஊதிக்கொண்டிருந்தான்.

"சார்ஜர் குடு."

"வாங்க நைனா. வந்ததும் சார்ஜர். சலாம் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னாது, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி கீது?"

"தொண்ணூத்தொம்பது வந்துடுச்சி."

நதீம் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினான். "அந்தக் காட்டுலயேவா? டேய், இத ஆடறவன்லாம் எட்டு ஒம்பதுல பாலம் தாண்டிப் போய்டுவான். அந்தக் கரடிங்க பாவம் உனக்கு இன்னாடா பண்ணுச்சி?"

"இன்னிக்கி தாண்டப் போறேன். அவன வெட்டிட்டு ஊர எடுத்துக்கினு வரேன்."

நதீம் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"செழியா, உக்காரு. சொல்றத கேளு. அது தோக்க வேண்டிய சண்ட. நீ இன்னா பண்ணாலும் தோக்கணும். கத அப்டி."

"உனக்கு லெவல் பத்தல. அதான் தோத்த."

"இத ஆடற எல்லா லூசும் இதத்தான்டா சொல்லும். நானும் சொன்னேன். சேத்து வச்ச மருந்தெல்லாம் அவன்கிட்ட கொட்டி, ஒரு ராத்திரி ஃபுல்லா ஆடி, வாப்பாகிட்ட ஒத வாங்கனேன். ஆனா உன்ன மாதிரி ரெண்டு வருஷம் எவனும் பண்ணல."

"நான் வேற."

"சரி ராசா, நீ வேற. ஆடு. நானும் பாக்கறேன்."

போன் அடித்தது. தேவானை. செழியன் அதைக் கவிழ்த்துப் போட்டான். டப்பாவைச் சார்ஜரில் செருகியபடியே மடியில் வைத்துக்கொண்டான். ஊருக்குள் போய் ஒரு முறை எல்லாரிடமும் பேசினான். மழை வரும் என்றான் கிணற்றடிக்காரன். நாய் சுற்றியது. பிறகு பாலம்.

தாண்டியதும் இருட்டியது. குதிரைக்காரன் இருந்தான். பெரிய உருவம், குதிரைக்கும் அவனுக்கும் எங்கே எல்லை என்று தெரியவில்லை. புதிதாக ஒரு முரசு. செழியனின் கால் ஆடத் தொடங்கியது, ஸ்டூலும் சேர்ந்து ஆடியது. கீழே அதே நாலு வார்த்தைகள். குதிரைக்காரனும் வாளை ஓங்கிக்கொண்டு, அவன் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

அடி என்றான். பக்கத்தில் குழாய் ரிப்பேர்க் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். போன் மறுபடி அடித்து ஓய்ந்தது. குதிரைக்காரன் வெட்டிய வெட்டு குப்பனுக்குக் கீறல் போலத்தான் பட்டது. அடித்தான். தடுத்தான். அடித்தான். மருந்தே தேவைப்படவில்லை. மருந்துப் பெண் சும்மா நின்றாள். நதீம் டீயை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே வைத்திருந்தான்.

குதிரை முழங்காலிட்டது. குதிரைக்காரன் சரிந்தான். வெற்றி மேளம் கேட்டது.

"பாத்தியா!" என்று செழியன் எழுந்துவிட்டான். சார்ஜர் வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. "பாத்தியாடா! யார்கிட்ட!"

திரை வெளுத்தது. வெளுப்பு விலகியபோது குப்பன் சேற்றில் முகங்குப்புறக் கிடந்தான். குதிரைக்காரன் மேலே நின்றுகொண்டிருந்தான், ஒரு கீறல் இல்லாமல். உனக்கு இன்னும் பலம் போதாது சிறுவனே, என்று எழுத்து ஓடியது.

"யோவ்! நான் ஜெயிச்சேன்யா!" செழியன் டப்பாவைப் பார்த்துக் கத்தினான். கச்சேரி ரோட்டில் போன ஒரு மாமி குடையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டுப் போனாள். "மேளம் அடிச்சியேய்யா, அப்பறம் இன்னா?"

நதீமுக்குப் புரையேறியது. டீ மூக்கு வழியாக வந்தது. "சொன்னேன்ல," என்றான் இருமிக்கொண்டே. "நீ ஜெயிச்சாலும் இத செஞ்சவனுக்கு ஒண்ணுதான், தோத்தாலும் ஒண்ணுதான். அடுத்த படம் ரெடியா வச்சிட்டுத்தான் உன்ன ஆட உட்டுருக்கான்."

ஊர் எரிந்தது. நெருப்பு பெரிதாக ஒன்றும் இல்லை, சிவப்புக் கட்டங்கள் மேலும் கீழும் போய் வந்தன. அந்த மெட்டு மட்டும் வந்தது. புல்லாங்குழல் இல்லை, ஒற்றைத் தந்தியில், தேங்கித் தேங்கி. செழியன் ஸ்டூலில் உட்கார்ந்தான். கால் ஆடவில்லை. டப்பாவை அணைத்துவிடத் தோன்றியது. பழைய இடத்தில் சேமித்து வைத்தது அப்படியே இருக்கும், அணைத்துவிட்டு மறுபடி போட்டால் ஊர் திரும்ப நிற்கும், ரொட்டி சூடாக இருக்கும். அடுத்த இரண்டு வருஷமும் கரடி அடிக்கலாம். விரல் பொத்தான்மேல் இருந்தது.

"அணைக்காத," என்றான் நதீம். "கொஞ்சம் அப்பறமா பாரு."

ஒரு படகு. படகில் குப்பன் கண் விழித்தான். படகு ஒரு துறைமுகத்தில் நின்றது. அங்கே தெருவும் கடையுமாகப் பெரிய ஊர், வேறு மெட்டு, தாரையும் தம்பட்டமுமாக. செழியனுக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொருவரிடமாகப் போய்ப் பேசினான். எல்லாரும் வரியையும் கப்பலையும் பற்றிப் பேசினார்கள். மீன் கடைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பெண் நின்றாள். பேச்சுக் கொடுத்தான்.

சூடாக இருக்கிறது, எடுத்துக்கோ.

"டேய்," என்றான் செழியன். "இவ உயிரோட கீறா?"

"எல்லாரும் கீறாங்க. கெணத்தடி ஆளு மாடில இருப்பான் பாரு, மழ வரும்னுவான். முன்னாடியே கப்பல் ஏறிட்டாங்கடா. நீதான் ரெண்டு வருஷமா அவங்கள அங்கயே நிக்க வச்சிக்கினு இருந்த."

செழியன் துறைமுகத்தின் எல்லாச் சந்திலும் நுழைந்தான். மாடி ஏறினான். பீப்பாய்களுக்குப் பின்னால் பார்த்தான்.

"இன்னா தேடற?"

"நாயி."

நதீம் பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டான். "நாய் கடைசி வரைக்கும் வராது மச்சி."

போனைத் திருப்பிப் பார்த்தான் செழியன். தேவானை பலமுறை கூப்பிட்டிருந்தாள். கடைசி அழைப்புக்குப் பிறகு நெடுநேரமாக எதுவும் இல்லை. அதுதான் அவனை எழுப்பியது.

மந்தைவெளி சிக்னலில் வண்டி ஆஃபாகிவிட்டது. உதைத்தான். பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். கிளம்பிய வண்டியை நடைபாதை மீதே ஏற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டினான். திடலில் பந்தலின் ஒரு பக்கத்துத் துணியை ஏற்கெனவே அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மேஜை இருந்தது, மெஷின் இருந்தது. தேவானை மேஜைக்கு எதிரே, கையில் ஒன்றுமில்லாமல் நின்றாள். அவர் இதோ வந்துவிடுவார், நீங்கள் போங்கள் என்று சொல்லிச் சொல்லி, பின்னால் வந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராக முன்னால் விட்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

செழியன் விரலை வைத்தான். மெஷின் எடுக்கவில்லை. ஏ.சி. கழுவிக் கழுவி ரேகை தேய்ந்திருந்தது. பேன்ட்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். வேறு விரலை வைத்தான். மூன்றாவது விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

"கீய இல்லையே," என்றார் உட்கார்ந்திருந்தவர். "மத்தியானமே முடிஞ்சிட்டுது. அஞ்சாவது மாடிதான் இருக்கு."

சாவியைத் தேவானை வாங்கிக்கொண்டாள். வண்டி நின்ற இடத்துக்கு வந்ததும் நின்றாள்.

"எங்கய்யா போன?"

"ஒரு சண்ட."

அவள் அவனைப் பிடித்துத் திருப்பினாள். சட்டையின் முதுகுப்புறத்தைப் பார்த்தாள். கையைத் தூக்கிப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள்.

"எங்க அடி பட்டுது?"

"படல. ஜெயிச்சிட்டேன்."

"ஜெயிச்சிட்ட." சாவியில் கட்டியிருந்த அட்டையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இது இன்னா? அஞ்சி."

"தேவான, மாவு, அரிசி, கிரைண்டரு, எல்லாம் நான் தூக்கறேன். தெனமும் காலைல கீய எறக்கித் தரேன். மதியானம் ஏத்தறேன்."

"நீயா? ரெண்டாவது மாடிலயே எறக்கி வச்சிட்டு டீ குடிக்கப் போய்டுவ."

அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். வண்டியை உதைத்தான். அவள் ஏறி உட்கார்ந்தாள். குடியிருப்பு நடக்கிற தூரம்தான். வீட்டைத் தாண்டி ஆற்றுப் பாலம்வரை போய்த்தான் நிறுத்தினான்.

"இங்க எதுக்கு வந்த?"

"தெரியல."

"திருப்பு. பாத்திரம் கட்டணும்."

மறுநாள் காலையில் லாரி வந்தது. இரண்டு குடும்பத்துக்கு ஒரு லாரி. பக்கத்து வீட்டு ஹாஜிரா பீயின் சாமான்களும் அவர்கள் சாமான்களும் சேர்ந்து ஏறின. பீரோவின் ஒரு கால் வளைந்தது. சாமான் ஏற்றி முடித்ததும் வீட்டுக் கூரையைப் பிரித்தார்கள். தகரத்தை விலைக்குக் கேட்டு ஒருவன் வந்தான். கொடுத்துவிட்டார்கள்.

புதிய இடத்தில் லிஃப்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. செழியன் கிரைண்டரைத் தோளில் வைத்து ஏறினான். மூன்றாவது மாடியில் ஒரு முறை இறக்கி வைத்தான். குழாயில் தண்ணீர் வந்தது. ஹாஜிரா பீக்குத் தரைத்தளம். தேவானை அவள் வாசலை நீளவாக்கிலும் குறுக்கிலும் அடியால் அளந்து பார்த்தாள். ஹாஜிரா பீ வாசலில் கிடந்த தன் வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தாள். அன்று தேவானை அடுப்பு பற்றவைக்கவில்லை. மதியம் பொட்டலச் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டார்கள். செழியன் உட்கார்ந்து சாப்பிட்டான், நிற்க இடமில்லை, எங்கும் மூட்டை.

பிறகு அடையாற்றில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். போய் இரண்டு ஏ.சி. கழுவினான். திரும்பி வரும்போது ஒரே மாதிரி நின்ற கட்டடங்களில் வேறொன்றில் ஏறி, ஐந்தாவது மாடியில் வேறு யார் கதவையோ தட்டிவிட்டு இறங்கி வந்தான். டப்பாவில் சார்ஜ் இல்லை. சார்ஜர் நதீம் கடையிலேயே இருந்தது. தேவானை இட்லிக்குக் கொஞ்சமாக அரிசி ஊறப்போட்டாள்.